ஊர் என்னும் குறுஞ்சொல்: ஓசை ஒற்றுமையும் சொல் வரலாறும்

முல்லைத்தீவிலிருந்து மாங்குளம் நோக்கிச் செல்லும் வீதியில், முள்ளியவளையை அடுத்துள்ள தண்ணீரூற்று என்னும் இடப்பெயரை வேகமாக உச்சரிப்பவர் செவியில் ‘தண்ணீரூர்’ என்றொரு பெயர் பிறந்துவிடுதல் கூடும். அவ்வாறு கேட்டவர் சிறிது கற்பனையும் உடையவராயின், பிரான்சிற்கும் ஸ்பெயினுக்கும் இடைப்பட்ட மலைநாட்டிலே வழங்கும் பாஸ்க்கு மொழியில் ‘ஊர்’ என்றால் தண்ணீர் என்பதை எங்கேனும் படித்தறிந்த மாத்திரத்தில், வன்னிக்கும் பிரனீஸ் மலைக்கும் ஒரு பாலம் அமைத்து விடுவார். இத்தகைய பாலங்கள் நம்மிடையே பல உள. அவற்றுள் மிகுந்த போக்குவரத்துடையது ‘ஊர்’ என்ற இக்குறுஞ்சொல்லின்மீது கட்டப்பட்டதேயாம். அதன் தூண்கள் எவ்வளவு தாங்கும் என்பதைப் பார்ப்பதோடு, இப்பார்வை வன்னி போன்றதொரு நிலத்தில் வெறும் ஏட்டுச் சிக்கலாக நில்லாமைக்குக் காரணம் யாது என்பதையும் நோக்குதல் இக்கட்டுரையின் கருத்தாகும்.

தமிழின் ஊரும் மெசொப்பொத்தேமியாவின் ‘ஊர்’ நகரமும் ஒன்றே என்பது தமிழார்வலரிடையே நெடுநாள் வழங்கிவரும் துணிபு. தென் ஈராக்கில் தெல் அல்-முக்கையர் எனப்படும் மண்மேட்டை 1853–54 ஆம் ஆண்டுகளில் அகழ்ந்த ஜே. ஈ. ரெயிலர், பாபிலோனிய அரசன் நபொனிதசின் களிமண் உருளைகளைக் கண்டெடுத்தார். அவற்றைக்கொண்டு அம்மேடே விவிலியம் கூறும் ஊர் என அடையாளங் காணப்பட்டது. 1922 முதல் 1934 வரை லெனாட் வூலி அங்கே நடத்திய அகழ்வு, அரச கல்லறைகளின் பொன்னணிகளோடு அப்பெயரையும் உலகெங்கும் பரப்பியது. அதற்கு முன்னரே, 1913 இல், எச். ஆர். ஹோல் என்னும் வரலாற்றாசிரியர் சுமேரியச் சிற்பங்களின் முகச்சாயல் தென்னிந்தியத் திராவிடரை ஒத்துள்ளதென எழுதியிருந்தார். முகச்சாயலும் ஒரு சொல்லும் கைக்கு வந்தபின் தமிழறிஞர் சும்மா இருந்திருப்பின் அதுவே வியப்பாகும்.

ஈழத்தில் இத்துறை வெறும் ஆர்வலரின் விளையாட்டாக இருக்கவில்லை. நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர் (1875–1947) 1938 முதல் பகுதி பகுதியாக வெளியிட்ட சொற்பிறப்பு ஒப்பியல் அகராதி, தமிழின் சுட்டொலிகளிலிருந்து சொற்கள் கிளைத்த வகையை விளக்கி, இந்தோ-ஐரோப்பிய மொழிகள் வரை அவ்வேர்களைத் தேடிச் சென்ற பெருமுயற்சி. இலங்கைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியராக விளங்கிய ஆ. சதாசிவம் 1965 இல் சுமேரியம் ஒரு திராவிட மொழியே என்னும் கருத்தை நூல்வடிவில் முன்வைத்தார். ஒக்ஸ்போட்டிலே பரோவிடம் பயின்ற மொழியியலாளர் அவர். வாய்க்கு வந்தவாறு சொற்களைப் பொருத்தியவர் அல்லர். மலேசியாவில் கா. லோகநாதன் சுமேரியத்தைச் சங்கத்துக்கு முற்பட்ட தமிழாகவே வாசித்தார். இவ்வறிஞர்களின் உழைப்பை எள்ளி நகையாடுவது எளிது. அது நமது நோக்கமன்று. ஆயினும் அவர்களது முடிவை மொழியியல் உலகம் ஏற்கவில்லை. சுமேரியம் இன்றுவரை உறவறியா மொழியாகவே கொள்ளப்படுகிறது. ஏற்காமைக்குக் காரணம் தமிழ்மீதான காழ்ப்பு என்று சொல்லித் தப்பிவிடுவோர் உளர். காரணத்தை ‘ஊர்’ என்னும் சொல்லைக் கொண்டே காணலாம்.

முதலாவதாக, அந்நகரத்தின் பெயர் அதன் குடிகளுக்கு ‘ஊரிம்’ என்றே இருந்தது. ‘ஊர்’ என்பது பிற்கால வடிவம். விவிலிய வழியாக நமக்கு வந்தது. இரண்டாவதாக, சுமேரியத்தில் நகரத்தைக் குறிக்கும் பொதுச்சொல் இந்நகரப் பெயரன்று, அது வேறொன்று. முன்னைய அறிஞர் அதனை ‘உரு’ என வாசித்தனர். இன்றுள்ளோர் பலர் ‘இரி’ எனவே வாசிக்கின்றனர். ஒப்பிட விரும்புவோர் உண்மையில் ஒப்பிட வேண்டியது இந்த ‘உரு’வைத்தான், அதுவோ உயிரெழுத்திலேயே உறுதியின்றி நிற்கிறது. மூன்றாவதாக, சுமேரியத்தில் ‘ஊர்’ என்று தனியே ஒரு சொல் உண்டு. அதன் பொருள் நாய். ஆட்பெயர்களில் அது தெய்வத்தின் அடியான் என்ற கருத்தில் வரும். ஊரின் மூன்றாம் அரசமரபைக் கி. மு. 2100 அளவில் நிறுவியவன் பெயர் ஊர்-நம்மு. அப்பெயரைக் கண்ட தமிழர் அதனைப் புரட்டி ‘நம்மூர்’ என்று வாசித்து மகிழாதிருத்தல் அரிதே. ஆயினும் அவன் நம்மு என்னும் பெண்தெய்வத்தின் அடியானேயன்றி நம்மூரான் அல்லன்.

இச்சொல்லை வேற்றுமொழியார் தம் மொழிப்பொருளில் வாசித்ததால் விளைந்த விபரீதம் நம்மோடு தொடங்கியதுமன்று. எபிரேயத்தில் ‘ஊர்’ என்பதற்குத் தீ, சுடர் என்னும் பொருள் உண்டு. ஆகவே ஆபிரகாம் கல்தேயரின் ஊரிலிருந்து புறப்பட்டார் என்ற தொடரை யூத உரைகாரர் சிலர் கல்தேயரின் நெருப்பிலிருந்து மீண்டார் எனக் கொண்டனர். விவிலியத்தின் இலத்தீன் மொழிபெயர்ப்பில் நெகேமியா நூலில் ஓரிடத்தில் அவ்வாறே ‘நெருப்பு’ என நின்றுவிட்டது. கிரேக்க மொழிபெயர்ப்பாளரோ நகரப் பெயரையே விட்டுவிட்டுக் கல்தேயரின் நாடு என எழுதிச் சென்றனர். ஒரே சொல் ஒருவர்க்கு நகரம், ஒருவர்க்கு நெருப்பு, ஒருவர்க்கு நாடு. நாம் அதில் நான்காவதாகக் கிராமத்தைக் கண்டோம்.

உலக மொழிகளில் இவ்வொலியைத் தேடிப் புறப்பட்டால் கிடைப்பது ஒரு சந்தைக் கூட்டம். ஹங்கேரிய மொழியில் ‘ஊர்’ என்பவர் பிரபு. தலையெழுத்தைப் பெரிதாக எழுதினால் ஆண்டவர். துருக்கியில் ‘உர்’ என்பது உடலில் தோன்றும் கட்டி. சுவீடிஷ் மொழியில் ‘ஊர்’ என்பது மணிக்கூடு. ஜேர்மன் மொழியில் ‘ஊர்’ என்னும் முன்னொட்டு ஆதியான, மூலமான என்ற பொருள் தரும். இந்திக் கவிதை வழக்கில் ‘உர்’ என்பது மார்பு, நெஞ்சம். இவற்றுக்கெல்லாம் அருகே, வவுனியாவிலிருந்து தெற்கே சிறிது தூரம் சென்றவுடன் கேட்கும் சிங்களத்தில், ‘ஊரா’ என்பது பன்றி. இறைச்சிக் கடையில் ‘ஊரு மஸ்’ என்பது பன்றியிறைச்சி.

கேளிக்கைக்காக இப்பட்டியலை நீட்டிக்கொண்டே போகலாம். ஆனால் அறிவுக்குப் பயனாவது, இக்கூட்டத்திலுள்ள ஒவ்வொருவரையும் நிறுத்தி, வந்த வழியை விசாரிப்பதே. இந்தி ‘உர்’ வடமொழி ‘உரஸ்’ என்பதன் கடை தேய்ந்த வடிவம். ஜேர்மன் ‘ஊர்’ முன்னாளில் ‘உஸ்’ போன்றதோர் ஒலியுடையது; அதன் ரகரமே பிற்பட்ட மாற்றத்தால் வந்தது. சுவீடிஷ் மணிக்கூடு, ‘ஹோரா’ என்னும் கிரேக்க-இலத்தீன் சொல் ஜேர்மானியரிடம் சென்று உருமாறி, வடக்கே ஏற்றுமதியானது. வானநூல் வழியாக இதே ‘ஹோரா’ தமிழுக்கு ‘ஓரை’ ஆக வந்தமை நாம் அறிந்ததே. ஆகவே சுவீடிஷ் ‘ஊர்’ என்பதற்குத் தமிழில் உறவு தேடுபவர் ஊரிடம் போகாது ஓரையிடம் போதல் வேண்டும். சிங்கள ‘ஊரா’வின் மூதாதை வடமொழிச் ‘சூகர’. சகரம் ஹகரமாகிப் பின் மறைந்தது, இடைநின்ற ககரமும் வீழ்ந்தது. ஈராயிரம் ஆண்டுகட்கு முன்னர் சென்று இச்சொற்களை ஒருங்கே நிறுத்தினால், ‘உரஸ்’, ‘உஸ்’, ‘ஹோரா’, ‘சூகர’ என நிற்கும். அவற்றிடையே ஓசை ஒற்றுமை ஏதும் இராது. இன்றைய ஒற்றுமை, வெவ்வேறு திசைகளிலிருந்து வந்த வழிப்போக்கர் ஒரே மடத்தில் ஓரிரவு தங்கிய ஒற்றுமையே.

இங்கே ஒரு கணக்கையும் மனத்திற் கொள்ள வேண்டும். மனித மொழிகள் பொதுவாகக் கையாளும் ஒலிகள் சில பத்துக்களே. உலகில் வழங்கும் மொழிகளோ சில ஆயிரங்கள். ஓருயிரும் ஒரு மெய்யுமாய் அமைந்த சொல், அதுவும் ரகரம் போன்ற பொதுமெய்யில் முடிவது, பற்பல மொழிகளில் இருந்தே தீரும். அவற்றுள் ஒன்றிரண்டு பொருளாலும் கிட்ட வந்து நிற்பதில் வியப்பில்லை. பாரசீகத்தில் ‘பத்’ என்பதும் ஆங்கிலத்தில் ‘பாட்’ என்பதும் தீயது என்ற ஒரே பொருளுடையன. இரண்டும் ஒரு குடும்பத்து மொழிகளுங்கூட. எனினும் சொற்கள் உறவற்றவை. அவுஸ்திரேலியப் பழங்குடி மொழியான ம்பாபரத்தில் நாய்க்குப் பெயர், ஆங்கிலத்திற் போலவே, ‘டொக்’. அதனை ஆராய்ந்த டிக்சன், அயல் மொழிகளின் சான்றுகொண்டு அச்சொல் அம்மொழியிலேயே விளைந்ததென நிறுவினார். சொல் குறுகக் குறுக, சான்றாகும் அதன் தகுதியும் குறுகும். ஊர் என்பதைவிடக் குறுகிய சொல்லைத் தேடுவது கடினம்.

எதிர்மறையான உண்மையும் உண்டு. உறவுடைய சொற்கள் ஒத்தொலிக்க வேண்டும் என்ற நியதி இல்லை. ஆர்மீனியத்தில் இரண்டு என்பதற்கு ‘எர்க்கு’, இலத்தீனில் ‘துவோ’. செவிக்கு ஒற்றுமை சிறிதும் இல்லை; எனினும் ஒரே மூலத்தவை. ஏனெனில் அம்மாற்றம் பிற சொற்களிலும் அதே முறையில் நிகழ்ந்துள்ளது. திராவிட மொழிகளில் தமிழ்ச் ‘செவி’, கன்னடக் ‘கிவி’, பலுச்சிஸ்தானத்து பிராகூயியின் ‘கஃப்’ ஆகிய மூன்றும் உடன்பிறப்புகள். தமிழில் முன்னுயிரின்முன் ககரம் சகரமாயிற்று என்ற விதி, கன்னடக் ‘கெய்’ என்பதற்குத் தமிழ்ச் ‘செய்’ என நிற்கும் பிற இணைகளாலும் உறுதிப்படுகிறது. எல்லிசு 1816 இலும், கால்டுவெல் 1856 இலும் தென்னாட்டு மொழிகளின் தனிக்குடும்பத்தை எடுத்துக்காட்டியபோது, சொல்லுக்குச் சொல் ஓசை பார்த்ததோடு நில்லாமல் விகுதியும் வேரும் ஒழுங்கும் நோக்கினர். அவர்கள் கட்டிய வீடு இன்றும் நிற்கிறது. ஓசையை மட்டும் நம்பிக் கட்டியவை நிற்கவில்லை. 1963 இல் வெளிவந்த லகோவாரியின் நூல் திராவிடத்தைப் பாஸ்க்கு மொழியோடும் மத்தியதரைக்கடற் பழமொழிகளோடும் இணைக்க முயன்றது. பெருந்தொகுப்பாயினும் ஒழுங்கான ஒலிமாற்ற விதிகளை அது நிறுவவில்லை.

இந்த அளவுகோலைக் கொண்டு தண்ணீரூற்றுக்கே திரும்புவோம். ஏனெனில் சிக்கலின் நுட்பம் இப்பெயரிலேயே உள்ளது. ‘ஊர்’ என்பதில் இடையின ரகரம். ‘ஊற்று’ என்பதன் வேராகிய ‘ஊறு’ என்பதில் வல்லின றகரம். இன்றைய பேச்சில் இவ்விரண்டும் பெரும்பாலும் ஒன்றாகிவிட்டமையால் வேறுபாடு எழுத்து வழக்கின் பிடிவாதம் போலத் தோன்றும். அஃது அவ்வாறன்று. தெலுங்கில் இன்று ‘ஊரு’ எனின் கிராமம். ‘ஊரு’ எனின் ஊறுதல். இரண்டும் ஒரே ஒலி. ஆனால் பழந்தெலுங்கு ஊறுதலை வேறொரு ரகரத்தால் எழுதியது. ‘பண்டி ர’ என அழைக்கப்பட்ட அவ்வெழுத்துத் தமிழ் றகரத்துக்கு நேரானது. கன்னடமும் அத்தகைய எழுத்தொன்றை வைத்திருந்து பின்னர் கைவிட்டது. மேலும் தமிழ் ‘ஊற்று’ என்பதற்குத் தெலுங்கில் நேர் நிற்பது ‘ஊட்ட’ போன்றொலிக்கும் ‘ஊட’. ஊருக்கு அவ்வாறான டகர இணை எதுவும் இல்லை. ஆகவே ஊரும் ஊறும் திராவிடத்தின் பழங்காலத்திலேயே இருவேறு சொற்கள். ஈழத்து வடபுல வழக்கில் ‘ற்ற’ இரட்டித்து வருமிடத்து நுனிநாவை அண்பல்லின்மேல் ஒற்றிப் பிறப்பிக்கும் பழைய வல்லொலி இன்றும் கேட்கப்படுகிறது; ஊற்று என்பதை நம் முதியோர் சொல்லும்பொழுது செவிமடுப்போர் அச்சொல்லின் வயதையும் கேட்கின்றனர்.

தமிழுக்குள்ளேயே இவ்விரு சொற்களும் மயங்கியதற்கு நல்ல சான்று ஒன்றுண்டு. திருக்குறளின் ஒப்புரவறிதல் அதிகாரத்தில் வரும் ‘ஊருணி’ என்பதனை ஊரார் உண்ணும் நீர்நிலை என உரைகாரர் விரிப்பர். ஈழத்திலோ காங்கேசன்துறைப் பக்கத்திலும் மட்டக்களப்பிலும் ‘ஊறணி’ என வல்லின றகரத்தோடு இடப்பெயர்கள் உள. அவற்றைக் கேட்பவர் நினைவுக்கு வருவது ஊரன்று, நீர் ஊறுதலே. நீர்நிலை ஊராரால் உண்ணப்படுவதும் உண்மை, நீர் அங்கே ஊறுவதும் உண்மை. பொருள் இரண்டு பக்கமும் பொருந்தி நிற்கையில் எழுத்தொன்றே வழிகாட்டுகிறது. உள்நாட்டில், ஒரே மொழியில், எழுத்துச் சான்று கைவசம் உள்ள இடத்திலேயே இவ்வளவு எச்சரிக்கை வேண்டப்படுகிறதெனின், நாலாயிரம் ஆண்டுக்கு முற்பட்ட களிமண் ஏட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்றும் இவ்விடத்திற் குறிக்கத்தக்கது. வன்னிப் பெருநிலத்தின் இடப்பெயர்களை நோக்குபவர், ‘ஊர்’ என முடிவன மிகச் சிலவே என்பதை உணர்வர். குடாநாட்டில் நல்லூரும் புத்தூரும், கீழ்மாகாணத்தில் மூதூரும் ஏறாவூரும் இருக்க, இங்கே மாங்குளம், புளியங்குளம், கனகராயன்குளம், பாண்டியன்குளம் எனக் குளங்கள். முத்தையன்கட்டு, உடையார்கட்டு எனக் கட்டுகள். கணுக்கேணி, நெடுங்கேணி எனக் கேணிகள். தண்ணிமுறிப்பு என முறிப்பு. மடு, மோட்டை, வெளி. வறண்ட வலயத்தில் குளமின்றேல் வயலில்லை, வயலின்றேல் குடியில்லை. உற்பத்தியின் அடிப்படையாக எது நின்றதோ அதுவே குடியிருப்புக்குப் பெயராயிற்று. நிலத்தடி நீர் தானே மேலெழும் இடத்தில் குளத்துக்குப் பதிலாக ஊற்று பெயர் தந்தது. ஊற்றங்கரைப் பிள்ளையார் அதன் கரையில் அமர்ந்தார். பெயர்கள் இவ்வாறு உழைப்பையும் நீரையும் பற்றிப் பேசுகையில், அவற்றை மெசொப்பொத்தேமியாவுக்குக் கடத்திச் செல்வது அவற்றை உண்டாக்கிய மக்களை மறப்பதேயாகும்.

ஓசை ஒற்றுமை எல்லாமே தற்செயல் என்று எதிர்முனைக்குச் சென்றுவிடுதலும் பிழை. வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் விவசாயத்தைக் ‘கமம்’ என்பர், செய்பவர் கமக்காரர். தமிழ்நாட்டாருக்கு இவ்வழக்கு புதிதாகத் தோன்றும். சிங்களத்தில் ‘கம’ என்றால் கிராமம். இவ்வொற்றுமை தற்செயலன்று. சிங்களக் ‘கம’ வடமொழிக் ‘கிராம’ என்பதன் பிராகிருத வழிவந்தது. ஈழத்தமிழ்க் கமமும் அவ்வழியோடு தொடர்புடையதெனவே கருதப்படுகிறது. குடியிருப்பைக் குறித்த சொல், அக்குடியிருப்பின் தொழிலைக் குறிப்பதாயிற்று. உறவற்ற இரு மொழிக் குடும்பத்தார் ஒரே தீவில் அருகருகே உழுது வாழ்ந்தமையின் தடயம் இது. இரத்த உறவன்று, அயலுறவு. இந்த அயலுறவை ஆராய்வதில் நம் இரு பக்கத்து அறிஞரும் காட்டிய ஆர்வம், தத்தம் தொன்மையை நிறுவுவதில் காட்டிய ஆர்வத்தில் பத்திலொரு பங்குமில்லை.

தொன்மை நிறுவும் ஆர்வம் நமக்கு மட்டும் உரியதும் அன்று. துருக்கிக் குடியரசு 1930களில் உலக மொழிகள் யாவும் துருக்கி மூலத்தவை என்னும் ‘சூரியமொழிக் கொள்கை’யை அரச ஆதரவோடு வளர்த்தது, சுமேரியரைத் தம் முன்னோராக்கியது, 1933 இல் நிறுவிய அரச வங்கிக்குச் ‘சூமர் வங்கி’ எனப் பெயரிட்டது. ஹங்கேரியரிடையேயும் சுமேரியரே தம் மூதாதையர் எனக் கூறுவோர் நெடுங்காலமாக உளர். அவர்களுக்கு ‘ஊர்’ பிரபுவின் நகரம். நமக்குக் குடிகளின் நகரம். ஒரே இறந்த மொழிக்குப் பல வாரிசுகள் வழக்காடுகின்றனர். ஒவ்வொருவர் கையிலும் சொற்பட்டியல் உண்டு. பட்டியலின் நீளமும் ஏறக்குறைய ஒன்றே. பேரரசு இழந்தோரும் குடியேற்ற ஆட்சியால் தாழ்த்தப்பட்டோரும் தொன்மையில் ஆறுதல் தேடுவது வரலாற்றில் விளங்கிக்கொள்ளத்தக்கதே. ஆயின் விளங்கிக்கொள்ளுதல் வேறு, ஒப்புக்கொள்ளுதல் வேறு.

வன்னியில் இவ்வொப்புக்கொள்ளலின் விலை அதிகம். தண்ணீரூற்றுக்குத் தெற்கே, தண்ணிமுறிப்புப் பக்கத்திலுள்ள மலையைத் தமிழர் குருந்தூர்மலை என்பர். சிங்களவர் குருந்தி என்பர். தமிழில் ‘குருந்து’ காட்டெலுமிச்சை இனத்ததோர் மரம். முல்லைநிலப் பாடல்களிற் பூத்தது. சிங்களத்தில் ‘குருந்து’ என்றால் கறுவா. பாளி மரபில் புத்தகோசர் பயன்படுத்திய பழைய உரைகளுள் ஒன்றுக்குக் ‘குருந்தி’ என்று பெயர். 2021 இல் தொல்லியல் திணைக்களம் அங்கே அகழ்வைத் தொடங்கியபின், வழிபாட்டுரிமையும் வயல்நிலமும் பற்றிய தகராறு முல்லைத்தீவு நீதிமன்றம் வரை சென்றது. இரு தரப்பிலும் பெயரே உறுதிப்பத்திரமாக நீட்டப்பட்டதைக் கண்டோம்: ‘ஊர்’ இருப்பதனால் தமிழரது என ஒரு சாரார்; ‘குருந்து’ இருப்பதனால் சிங்களவரது என மறுசாரார். மலையிலுள்ள பௌத்த இடிபாடுகளின் காலத்தை அங்குள்ள செங்கல்லும் எழுத்தும் சொல்லும். பௌத்தம் ஓரினத்தாரின் தனிச்சொத்தாக இருந்ததில்லை என்பதைத் தமிழ்ப் பௌத்த வரலாறு சொல்லும். தண்ணிமுறிப்பு மக்களின் வயலுரிமையை அவர்தம் உழவும் பதிவேடுகளும் சொல்லும். இவற்றுள் எதனையும் சொல்லவல்ல ஆற்றல் ஒரு விகுதிக்கு இல்லை. மணலாறு ‘வெலி ஓயா’ ஆனபோது நிகழ்ந்ததோ இதற்கு மறுதலையானது. அங்கே ஓசை துறக்கப்பட்டுப் பொருள் சொல்லுக்குச் சொல் பெயர்க்கப்பட்டது: மணல் வெலியாயிற்று, ஆறு ஓயாவாயிற்று. 1980களில் அப்பெயரோடு வந்தது குடியேற்றம். பெயர்ந்தது சொல் மட்டுமன்று. ஓசையைக் காட்டி உரிமை கோருவதும் பொருளைப் பெயர்த்து உரிமை மாற்றுவதும், குடிகளைக் கேளாத அளவில் ஒன்றேயாம்.

அவ்வாறெனின் ஊர் என்பதன் பொருள்தான் யாது? அகராதிகள் கிராமம், நகரம் என்று எழுதும். தமிழரின் வழக்கு அதனினும் வேறானது. சோழர் கல்வெட்டுகளில் ‘ஊர்’ என்பது நிலப்பரப்பை மட்டுமன்றி வேளாண் குடிகளின் கூட்டத்தையும் குறித்தது. பிராமணர் கூட்டம் சபை, வணிகர் கூட்டம் நகரம், உழுகுடியினர் கூட்டம் ஊர். இன்றும் ஊர் கூடும், ஊர் சிரிக்கும், ஊர் வாய் பேசும். மண்ணுக்கும் மனிதர்க்கும் ஒரே பெயர். அக்கூட்டத்தில் சாதியின் பெயரால் யார் யாருக்கு இடமில்லாதிருந்தது என்பதையும் மறத்தலாகாது; ஊருக்குப் புறத்தே தள்ளப்பட்டவர் குடியிருப்புகட்குச் ‘சேரி’ என வேறு பெயர் வைத்ததும் இதே சமூகந்தான். ஈழத்திற் பிறந்த மானிடவியலாளர் வலன்ரைன் டானியல், 1984 இல் வெளிவந்த தம் நூலில், திருச்சிராப்பள்ளிப் பக்கத்துக் கிராமமொன்றை ஆராய்ந்து, ஊரும் கிராமமும் ஒரே பொருட்சொற்கள் அல்ல என விளக்கினார். கிராமத்துக்கு அரசு வரைந்த எல்லைக்கோடு உண்டு. யார் கேட்டாலும் விடை ஒன்றே. ஊரோ சொல்பவரைப் பொறுத்து விரியும், சுருங்கும். ஒருவர்தம் உடலோடும் மண்ணின் குணத்தோடும் பிணைந்தது. கொழும்பில் ஒருவர்க்கு முல்லைத்தீவு ஊர். முல்லைத்தீவுச் சந்தையில் அவர்க்கே தண்ணீரூற்று ஊர்.

இலங்கையில் கிராமம் என்னும் சொல்லின் எழுச்சியும் அரசோடு வந்ததே. விதானைமாரின் முறை 1963 இல் ஒழிக்கப்பட்டுக் கிராம சேவையாளர் வந்தனர். மக்கள் பின்னும் நெடுநாள் விதானையார் என்றே அழைத்தனர். அலுவலகத்திற் கிராமம், வீட்டில் ஊர். அமைதிக் காலத்தில் இவ்விரு சொல்லும் முரண்படாது வாழ்ந்தன.

முரண்பாடு போரோடு வெளிப்பட்டது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம் மக்கள் அனைவரையும் வெளியேற்றியபோது, தண்ணீரூற்றிலும் நீராவிப்பிட்டியிலும் தலைமுறைகளாக வாழ்ந்தோர் குறுகிய அவகாசத்தில் புறப்பட்டனர். பெரும்பாலோர் புத்தளத்தை அடைந்தனர். தமிழ்ச் சமூகம் இதனை நேர்நின்று எழுதுவதற்கு நெடுங்காலம் எடுத்தது. தமிழின் தொன்மையைப் பற்றி எழுதிய பக்கங்கள் இக்காலத்திலும் குறையவில்லை. சாரிகா திராணகம 2011 இல் வெளிவந்த நூலில், வெளியேற்றப்பட்ட யாழ்ப்பாண முஸ்லிம்களிடையே ‘ஊர்’ என்னும் சொல் தலைமுறைக்குத் தலைமுறை பொருள் மாறும் வகையை ஆராய்ந்தார்: முதியோர்க்கு அது விட்டுவந்த மண், அகதிமுகாமிற் பிறந்தோர்க்கோ தாம் காணாத ஓரிடத்தின் பெயர், அல்லது புத்தளமே. ஒரே மொழியில், ஒரே வீட்டில், ஒரு குறுஞ்சொல் இருவேறு பொருளுடையதாயிற்று.

2009 இல் வன்னி மக்கள் முழுவதும் இடம்பெயர்ந்து செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம்களில் அடைபட்டனர். 2012 செப்ரெம்பரில் அம்முகாம் மூடப்பட்டபொழுது, வற்றாப்பளைக்கு அயலிலுள்ள கேப்பாபுலவு மக்கள் தம் காணிகளில் படைமுகாம் நின்றமையால் சீனியாமோட்டையில் இறக்கப்பட்டனர். அங்கே அமைக்கப்பட்ட குடியிருப்புக்கு அதிகாரிகள் இட்ட பெயர் ‘மாதிரிக் கிராமம்’. வீடும் கிணறும் வீதியும் கொடுத்தபின் இன்னும் என்ன வேண்டும் என வினவப்பட்டது. 2017 மார்ச்சில் அம்மக்கள் முகாம் வாயிலில் தொடர்போராட்டம் தொடங்கினர். அவர்களது கோரிக்கையில் நின்ற சொல் கிராமம் அன்று. மாதிரிக் கிராமம் என்றொன்றை அமைத்தல் கூடும். மாதிரி ஊர் என்னும் தொடர் தமிழிற் பொருள் தராது. அரசுக்கும் குடிகளுக்கும் இடையிலிருந்த தகராறு இந்த இலக்கணத்திலேயே அடங்கியிருந்தது.

சுமேரியப் பட்டியல்களில் நாம் செலவிட்ட காலத்தை இனிச் செலவிட வேண்டிய இடம் எது என்பதில் எமக்கு ஐயமில்லை. தண்ணீரூற்றும் முள்ளியவளையும் சூழ்ந்த நிலப்பகுதியில் ஒவ்வொரு ஊற்றுக்கும், மோட்டைக்கும், வயல்வரம்புக்கும், காட்டுத் துண்டுக்கும் பெயருண்டு. பழைய நில அளவைப் படங்களில் அவை ஆங்கில எழுத்தில் ரகர றகர வேறுபாடின்றி எழுதப்பட்டுள. காணி உறுதிகளில் தமிழெழுத்தில் உள. இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் படித்தல் வேண்டும். பலமுறை இடம்பெயர்ந்ததில் உறுதிகள் பல அழிந்துபோயின. எஞ்சியவை வீடுகளில், பெட்டிகளில் உள்ளன. அப்பெயர்களை நாவில் வைத்திருக்கும் முதியோருள் ஒரு பகுதியினர் முள்ளியவளையிலும் குமுழமுனையிலும் இருக்கின்றனர், மறுபகுதியினர் புத்தளத்தில். பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கமொன்று மாணவரை ஒலிப்பதிவுக் கருவியுடன் இரு திசைக்கும் அனுப்புதல் கூடும். றகரத்தைக் கேட்டெழுதத் தெரிந்த மாணவராக இருத்தல் நன்று.